கொட்டாவிக்கு ஒரு கல்

இறந்தவர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்க விதியில் இடமில்லை. ஆகவே பெயர் உயர்வு கொடுப்பது என்று விழாக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.

மூக்கு என்பவர் கழுகு ஆனார். வாடகை என்பவர் வேங்கை ஆனார். மாமனார் என்று அழைக்கப்பட்ட, கல்யாணமே ஆகாமல் போய்ச் சேர்ந்த ஒருவர் இடிமுழக்கம் ஆனார். எல்லாரும் சிறப்புப் படையில் இருந்து உயிரை விட்டவர்கள். பழைய பஸ் நிலையம் இருந்த இடத்தில் அவர்களுக்காகக் கருங்கல்லில் ஒரு சுவர் எழும்பியிருந்தது. ஆளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பெயர். அமைச்சர் வந்து திரையை விலக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு பெயர் மட்டும் சம்மதம் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது: கொட்டாவி.

இழுத்துக்கொண்டிருந்த ஆளின் பெயர் ஆணி. அதே படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு டிரைவிங் ஸ்கூலில், கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிக்கும் உத்தியோகம். எதிரியின் எல்லைக்குள் ஊர்ந்து போய்த் திரும்பியபோதெல்லாம் வராத ரத்தக் கொதிப்பு, ரவுண்டானாவுக்குள் போய்த் திரும்பியதில் வந்தது. அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு வக்கீல் அம்மா. ஆணி பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், "எந்த அடிப்படையில மிதிச்சீங்க?" என்று கேட்பார்.

அந்தப் படையில் பெயர் விஷயம் கொஞ்சம் விசேஷம். உள்ளே நுழைகிறவனின் பிறந்த பெயரை அலுவலகம் வாங்கிப் பூட்டிவிடும். நாளைக்கு ஒருவன் எதிரியிடம் சிக்கினால், அடுத்தவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. தேர்வு முகாமின் கடைசி மலை நடையில், பக்கத்தில் நடக்கிறவன் வாயில் என்ன வருகிறதோ அதுதான் அன்று முதல் பெயர். மேல்முறையீடு கிடையாது. அதிகாரிகள் வைக்கக் கூடாது. தனக்குத் தானே வைத்துக்கொள்ளவும் கூடாது; அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் படை அன்றைக்கே மிருகக்காட்சி சாலை ஆகியிருக்கும். மாற்ற வேண்டுமென்றால் வைத்தவன்தான் மாற்றலாம், அதுவும் இரண்டு பேர் முன்னிலையில் தன் வாயால் சொல்லி. செத்த பிறகு கல்லில் ஏறுவதும் அதே பெயர்தான்.

கொட்டாவிக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஆணி. ஆணிக்கு ஆணி என்று வைத்தவர் கொட்டாவி. போட்ட இடத்திலேயே கிடப்பான், பிடுங்கினால்தான் வருவான் என்று காரணமும் சொன்னார். அது எவ்வளவு சரி என்று விழாக் குழு இப்போது தெரிந்துகொண்டிருந்தது.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற கர்னல். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் பித்தளை. அதிகாரிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது என்றாலும், அவ்வளவு பளபளப்பாக ஒருவர் இருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும். அவர் அறையில் அவருடைய படங்களே இரண்டு சுவரை அடைத்திருந்தன. மிச்சமிருந்த சுவரில் விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் சாய்ந்து நின்றார். விழாவை நடத்தித் தருகிற பொறுப்பு அவருடையது.

"உக்காருப்பா ஆணி. காபி சொல்லட்டுமா?" என்றார் கர்னல்.

"வேணாம் சார். வெளியில காரை வக்கீல் அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

விளம்பரக்காரர் முன்னால் வந்தார். "நாங்க அர்த்தத்தை மாத்தலை சார். அதோட சாரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு மேல தூக்கறோம். கொட்டாவி இனிமே கர்ஜனை. யோசிச்சுப் பாருங்க, ரெண்டுலயும் வாய் திறக்குது."

"பல் டாக்டர்கிட்டப் போனாலும் திறக்குது. அதையும் சேர்த்துக்குங்க."

"ஆணி," என்றார் கர்னல், பொறுமையைக் கஷ்டப்பட்டு வரவழைத்து. "அமைச்சர் ஒவ்வொரு பேரா மைக்ல வாசிக்கப்போறார். வீரத்தியாகி கொட்டாவின்னு வாசிச்சா கூட்டம் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் சார். அவர் இருந்தப்பவும் சிரிச்சோம். கோவிச்சுக்க மாட்டார்."

"மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. முன்வரிசை நாற்காலி, வீட்டுக்கே கார்."

"கார் என்கிட்ட இருக்கு சார். ரெண்டு பிரேக் வெச்சது."

விளம்பரக்காரர் மேஜை மேல் இருந்த திரையைத் திருப்பி, விழாவுக்கென்று தயாரித்த ஒளி ஒலிக் காட்சியைப் போட்டார். தலைப்பு 'அதிரடியின் வரலாறு'. கறுப்பு முகமூடி போட்டவர்கள் கயிற்றில் இறங்கினார்கள், கதவுகளை உதைத்தார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள், எதையும் திறந்து உள்ளே போகும் பழக்கமே இல்லாதவர்கள் போல. ஆணி கடைசிவரை பார்த்தார்.

உண்மையான வரலாறு வேறு. தோற்றுப்போன ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு, நம் ராணுவம் எங்கே கிடக்கிறது என்பது எதிரிக்குத் தூசியைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது, எதிரி எங்கே கிடக்கிறான் என்பது நமக்குத் தெரியவே இல்லை என்று யாரோ ஒருவருக்கு உறைத்தது. அணிவகுப்பில் காலே சேராத சிலரை அவர் பொறுக்கி எடுத்தார். ஒரு நில அளவைக்காரர், ஆறு நீந்துகிறவர், கடத்தல்காரர் மகன் ஒருவன், அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தே பழகிய ஒரு வங்கிக் குமாஸ்தா. போக வேண்டும், பார்க்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் பத்து வருஷத்தில் அவர்கள் சுட்ட தோட்டாக்களைவிட அதிகாரிகள் கிளப்பில் பந்தயத்துக்குச் சுட்டவை அதிகம். அப்புறம் உலகத்தில் எங்கெங்கோ விமானங்கள் கடத்தப்பட்டு, யார் யாரோ அவற்றை மீட்டு, அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தன. எல்லா அரசாங்கத்துக்கும் முகமூடி மேல் ஆசை வந்துவிட்டது. பார்த்துவிட்டு வருகிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. உடைக்கிறவர்களை எடுக்கிறார்கள்.

காட்சியின் உச்சக்கட்டம், எதிரியின் காவல் முகாமான பாறைச் சாவடி மீது நடந்த தாக்குதல். ஹெலிகாப்டர்கள் வரிசையாக வந்தன. நடுவே ஒரு வீரன் நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜித்தான்.

"இதுதான் சார் அவர்," என்றார் விளம்பரக்காரர்.

"ஹெலிகாப்டர் ஒண்ணுதான். அதுவும் எல்லாம் முடிஞ்சப்புறம் வந்துச்சு," என்றார் ஆணி.

கர்னல் தொண்டையைச் செருமினார். "அந்த ஆபரேஷன் இன்னும் ரகசியம். அதைப் பத்தி நீ பேசக் கூடாது."

"அப்ப இது?"

"இது கற்பனைப்பா. கற்பனைக்குத் தடை இல்லை." பிறகு கர்னல் துருப்புச் சீட்டை இறக்கினார். "சரி, உன்னை விடு. அவன் வீட்டம்மாவே கர்ஜனைன்னு வையுங்கன்னு சொல்லிட்டாங்க. போன வாரமே சொல்லிட்டாங்க. அவங்களுக்கு மேலயா நீ?"

ஆணி எழுந்தார். வெளியே வக்கீல் அம்மா காரை நடைபாதையில் பாதி ஏற்றி வைத்திருந்தார்.

*

"அவங்களே சரின்னப்ப உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் ஆணியின் மனைவி, காயப்போட்ட துணியை மடித்தபடி. "நீங்க பேரு வெச்சீங்க, அவ்வளவுதான். குடும்பம் நடத்தினது அவங்க."

"அண்ணி அப்படிச் சொல்ல மாட்டாங்க. இவனுங்க ஏதோ பேசி மயக்கியிருப்பானுங்க."

"அப்ப போய்க் கேளுங்க. என்கிட்ட உறுமாதீங்க. உங்க துணி ரெண்டு இருக்கு, அதையாவது மடியுங்க."

"உறுமறதுக்குத்தான் இப்ப மதிப்பு. பேரையே மாத்தறாங்க."

தன் துணியை அவர் தப்பாக மடித்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் உதறி மறுபடி மடித்தாள். அந்த வீட்டில் அவர் வாதம் தோற்கும்போதெல்லாம் இப்படித்தான் சத்தமில்லாமல் தோற்கும்.

அண்ணி, அதாவது கொட்டாவியின் மனைவி, ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். ஆணி மதிய இடைவேளையில் போனார். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருப்பவர்களுக்கான பெஞ்சைப் பெயிண்ட் அடிக்க வெளியே எடுத்துப் போட்டிருந்ததால், உட்கார அங்கே இருந்தது நோயாளி நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்ததும் அது அவரைச் சாய்த்துக் கூரையைப் பார்க்க வைத்தது.

"அசையாதீங்க தம்பி, நாற்காலி லீவர் ரிப்பேர். எனக்குத் தெரியும் எதுக்கு வந்திருக்கீங்கன்னு," என்றாள் அண்ணி, சின்னக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டே. "நான்தான் மாத்தச் சொன்னேன்."

"ஏன் அண்ணி? அது அவர் பேரு."

"அது பேரில்லை தம்பி. அது அவர் மேல இருக்கற குத்தம்." குழாயை மூடினாள். "அவருக்குத் தூக்கம் ஜாஸ்தி. எனக்குத் தெரியாதா? லீவுல வீட்டுக்கு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார். குழந்தை மேல ஏறிக் குதிச்சாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் செத்தப்ப யாரும் காரணம் சொல்லலை. பயிற்சியில விபத்துன்னாங்க. நான் முட்டாளா? அவங்க கொண்டாந்த பையில அவர் சட்டை இருந்துச்சு. பயிற்சியில அப்படியா கிழியும்? காவல்ல தூங்கிட்டார். அதனாலதான் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். நானும் கேக்கலை. கேட்டா, அவரால வேற யாராவது செத்தாங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். இப்ப நடு ஊர்ல கல்லுல கொட்டாவின்னு வெட்டி, கீழ என் பேரனை நிறுத்தி போட்டோ எடுக்கணுமா?"

ஆணிக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. நாற்காலி விடவில்லை.

ரகசியம் காப்பதாக அவர் கை உயர்த்தி உறுதி சொல்லியிருந்தார். ஒருநாளும் மீறியதில்லை. மனைவியிடம்கூட, வெளியூர் போயிருந்தேன் என்பதற்கு மேல் சொன்னதில்லை. உண்மைக்கு இவ்வளவு பெரிய பூட்டு, பொய்க்கு நடு ஊரில் ஒலிபெருக்கி. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம் என்று யோசித்தபடி கூரையைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்கென்றே செய்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் மூடிக்கொண்டிருப்பது.

"தேர்வு முகாம்ல கடைசி மலை அண்ணி," என்று ஆரம்பித்தார். "பயிற்சி கொடுக்கற ஆளு மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தறான். நீயெல்லாம் நாய் மாதிரி சாகப்போறேன்னு. நாங்க எல்லாம் வெலவெலத்துப்போய் நிக்கறோம். அண்ணன் கொட்டாவி விட்டார். திமிர்ல இல்லை. வந்துச்சு, விட்டார். கத்திக்கிட்டிருந்தவனுக்கு அது ஒட்டிக்கிச்சு, அவனும் பெரிசா விட்டான். அவ்வளவுதான், நான் சிரிச்சுட்டேன், பேரும் வந்துடுச்சு. பயமே இல்லாத ஆளுக்கு வெச்ச பேரு அண்ணி அது."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடிகளை அடுக்கிய கை நின்றிருந்தது.

"எங்க வேலையே படுத்துக்கிடக்கறதுதான். பாறை இடுக்குல, புதருக்குள்ள, நாள் கணக்குல. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முழிச்சிருக்கணும். என் முறை வந்தா இவர் என்னை எழுப்ப மாட்டார். நீ தூங்குடாம்பார். என் முறையும் அவர்தான் பாப்பார், பக்கத்துல இருக்கறவன் முறையும் அவர்தான். சத்தமே வராம கொட்டாவி விடுவார், தாடை மட்டும் ஆடும். அந்தத் தூக்கத்தை எல்லாம் சேர்த்து வெச்சு உங்க வீட்டுல வந்து தூங்கினார்."

"அப்ப எப்படி?" என்றாள். மீதியைக் கேட்கவில்லை.

"பாறைச் சாவடியைப் பாக்கச் சொல்லி அனுப்பினாங்க. பாத்தோம். அவனுங்க மூட்டை கட்டறானுங்க, ரெண்டொரு நாள்ல தானா காலி பண்ணிடுவானுங்கன்னு ரேடியோல சொன்னதே அண்ணன்தான். மேல இருந்து பதில் வந்துச்சு. காலி ஆகறதுக்குள்ள அடிங்கன்னு."

"அதான் போறானுங்களே."

"போயிட்டா நாம ஜெயிச்சதா ஆகாதாம். நாங்க பாக்கப் போன ஆளுங்க அண்ணி. அடிக்கப் போன ஆளுங்க இல்லை. பட்டப்பகல்ல ஏறச் சொன்னாங்க. வழியை முழுசாப் பாத்து வெச்சிருந்தது அவர் ஒருத்தர்தான், அதனால முன்னால போனார். முழிச்சுக்கிட்டுத்தான் போனார். எங்க எல்லாரையும்விட முழிச்சிருந்தது அவர்தான்."

வெளியே பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"மலை ஏறுவீங்க, ஆறு தாண்டுவீங்க," என்றாள் கடைசியில். "எங்க வீட்டுப் படி ஏறி வந்து இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷம். நல்லா இருக்கு தம்பி உங்க படை."

அவள் போனை எடுத்துக் கர்னலைக் கூப்பிட்டாள். "சார், நான்தான் பேசறேன். பழைய பேரே இருக்கட்டும். ஆமா, யோசிச்சுட்டேன். இல்லை, யாரும் மயக்கலை." போனை வைத்துவிட்டு, நாற்காலியின் காலில் ஓர் உதை விட்டாள். அது ஆணியை நிமிர்த்தி உட்கார வைத்தது.

*

விழாக் குழு மறுபடி கூடியது. வைத்தவன் மாட்டேன் என்கிறான், வீட்டம்மாவும் மாட்டேன் என்கிறாள். மீறி வெட்டினால் வழக்கத்தை உடைத்தார்கள் என்று பழைய ஆட்கள் ஒருவர்கூட விழாவுக்கு வர மாட்டார்கள். வீரர்கள் இல்லாத வீரர் விழாவுக்கு அமைச்சர் வர மாட்டார். கொட்டாவி என்று வெட்டினாலோ வேங்கைக்கும் இடிமுழக்கத்துக்கும் நடுவே அது பல்லை இளிக்கும். கர்னல்தான் வழி கண்டுபிடித்தார்.

"கல்லைக் காலியா விட்டுடுவோம். பாதுகாப்புக் காரணம்னு சொல்லிடலாம். நாம எதைத்தான் அப்படிச் சொல்லலை?"

"அருமை சார்," என்றார் விளம்பரக்காரர். "ஒரு மர்மம் இருக்கும்."

ஆணி மூன்று அலுவலகம் ஏறினார். முதல் அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது, பெயர் வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பதென்றால் அந்தப் பெயருக்கு உரியவர் நேரில் வர வேண்டும் என்றது. மூன்றாவதில் இருந்தவர் எல்லாவற்றையும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, கல் இருக்கிறதல்லவா, சந்தோஷப்படுங்கள் என்றார்.

விழா நாளில் வெயில் பொரித்தது. ஹெலிகாப்டர் வந்து கயிறு விட்டு, முகமூடிகளை இறக்கி, முன்வரிசை முழுவதற்கும் தூசி பூசிவிட்டுப் போனது. அமைச்சர் திரையை விலக்கினார். கழுகு, வேங்கை, இடிமுழக்கம் என்று மைக்கில் வாசித்துக்கொண்டே வந்தவர், காலிக் கல்லுக்கு முன்னால் நின்றார். கர்னல் காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டு, மற்ற எல்லாருக்கும் வைத்ததைவிட நீளமான சல்யூட் ஒன்றை அந்த ஒன்றுமில்லாததற்கு வைத்தார். கூட்டம் கை தட்டியது. ஆணி பல்லைக் கடித்தார்.

பிறகு அமைச்சர் பேச ஆரம்பித்தார். வீரம் என்றார். ரத்தம் என்றார். ரத்தம் என்பது மறுபடி நினைவு வந்து மறுபடி சொன்னார். சிறப்புப் படை என்பது ஒரு படை அல்ல, அது ஒரு சிறப்பு என்றார். பந்தலுக்கு உள்ளே காற்று செத்துக் கிடந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி கொட்டாவி விட்டாள்.

கையால் மறைக்கவில்லை. தாடை மெல்ல இறங்கி, வாய் முழுசாகத் திறந்து, கண்ணோரம் நீர் வரும்வரை விட்டாள். சத்தம் மட்டும் இல்லை. அவளுக்குத் துணையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆணி திரும்பிப் பார்த்தார், அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாற்காலியில் மூக்குக்குப் பெயர் வைத்தவர், அதற்கடுத்து வாடகையோடு நடந்தவர் என்று முன்வரிசை முழுக்கப் பழைய ஆட்களின் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர்களில் ஒருவர் திறந்த வாயோடு ஆணியைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் யாரும் அடக்க முயலவில்லை. மேடையில் கர்னல் முறைத்தார், முறைக்கும்போதே அவர் கன்னம் துடித்தது, உதட்டைக் கடித்தார், தோற்றார். அமைச்சர் 'கர்ஜித்தார்கள்' என்ற சொல்லில் நின்றுகொண்டிருந்தார். முதல் எழுத்தோடு வாய் திறந்தது. மீதி எழுத்துகளுக்காக மூட மறுத்தது.

புகைப்படக்காரர்கள் அந்த நொடியில் எடுத்தார்கள். மறுநாள் காலைப் பத்திரிகையில், முதல் பக்கத்தில், வாயை முழுசாகத் திறந்த அமைச்சர். கீழே தடித்த எழுத்தில்: வீரர் விழாவில் அமைச்சர் கர்ஜனை.

அண்ணி அதை வெட்டி மருத்துவமனையில், நாற்காலியில் சாய்கிறவர் கண்ணுக்கு நேராகக் கூரையில் ஒட்டினாள். "இது அமைச்சர்தானே?" என்று வருகிறவர்கள் கேட்டால், "ஆளு அமைச்சர். விடறது எங்க வீட்டுக்காரர்," என்பாள். அவர்களுக்குப் புரியாது. அவள் அடுத்த வார்த்தையாக வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாள்.

கல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆணியின் மனு நான்காவது அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. சுவருக்கு எதிரே இருக்கும் ரவுண்டானாதான் டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிப் பாதை. தினமும் அதைச் சுற்றியாக வேண்டும். போன வாரம் வக்கீல் அம்மா சரியாக அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"எல்லாக் கல்லுலயும் பேர் இருக்கு. அது ஒண்ணுல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்லை?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஆணி தன் பிரேக்கின் மேல் காலை வைத்தார்.

"ரோட்டைப் பாருங்கம்மா," என்றார்.